ஜிக்கி முதல் லெ மால் வரை: ஆண் வாசனை, பெண் வாசனை என்ற பிரிவு எங்கே இருக்கிறது?

வெட்டிவேர் எழுதியது:

வணக்கம். வாசனைத் திரவியங்களைச் சேர்த்து வைப்பவன், அவற்றின் வரலாற்றை விரும்பிப் படிப்பவன் என்ற முறையில் நெடுநாளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். சற்று நீளமாகத்தான் எழுதப்போகிறேன். சுருக்கினால் கேள்வியே விளங்காமல் போய்விடும்.

1882ஆம் ஆண்டு பாரிஸின் பழைய வாசனை இல்லமான ஊபிகான், ஃபூஜேர் ராயால் என்ற திரவியத்தை வெளியிட்டது. ஃபூஜேர் என்றால் பிரெஞ்சு மொழியில் பெரணிச் செடி. பெரணிக்குச் சொல்லும்படியான மணம் கிடையாது. அதைச் செய்த பால் பார்க்கே என்பவர் லாவண்டரையும், ஓக் மரப் பாசியையும், அக்காலத்தில் புதிதாக ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டுவந்த கூமரின் என்ற பொருளையும் சேர்த்து, பெரணிக்கு மணம் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றைத் தம் கற்பனையிலிருந்தே கட்டி எழுப்பினார். கூமரின் காய்ந்த வைக்கோலையும் பாதாமையும் ஒருசேர நினைவூட்டும். ஏழு ஆண்டுகள் கழித்து, ஐஃபல் கோபுரம் திறக்கப்பட்ட அதே 1889இல், வாசனைத் திரவியக் கலைஞர் ஏமே கெர்லான் ஜிக்கி என்ற திரவியத்தைச் செய்தார். அதிலும் லாவண்டர் உண்டு, அதிலும் கூமரின் உண்டு. கூடுதலாக வனிலா மணம் தரும் வனிலினும் புனுகும் சேர்ந்தன. இரண்டுக்கும் எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் முதலாவதன் வழியில் வந்தவை முடிதிருத்தும் நிலையத்து வாசனையாக மாறி ஆண்களின் அலமாரியில் குடியேறிவிட்டன. ஜிக்கியையோ இரு பாலாரும் பூசிவந்தபோதிலும், பிற்காலத்துக் கடைகள் அதைப் பெண்களுக்கான செவ்வியல் திரவியங்களின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பளிக்கிறது. 1995இல் ஃப்ரான்சிஸ் குர்க்ஜான், ஆடை வடிவமைப்பாளர் ழான் போல் கோத்தியேவுக்காக லெ மால் என்ற திரவியத்தைச் செய்தார். லாவண்டர், புதினா, ஆரஞ்சுப் பூ, இவற்றுக்கு அடியில் தாராளமாக வனிலாவும் கூமரின் நிறைந்த டோங்கா விதையும். அதாவது 106 ஆண்டுகளுக்கு முந்தைய ஜிக்கியின் எலும்புக்கூடுதான் மறுபடியும் எழுந்து வந்தது. ஆனால் இம்முறை புட்டி, மாலுமியின் கோடு போட்ட பனியன் அணிந்த கட்டுமஸ்தான ஆண் உடலின் வடிவில் இருந்தது. பெயருக்கே 'ஆண்' என்றுதான் பொருள். ஆண்கள் தயக்கமின்றி வாங்கினார்கள்.

ஆகவே, மணத்தில் ஆண் பெண் என்ற பிரிவே இல்லை, அது முழுக்க முழுக்கப் புட்டியிலும் பெயரிலும் கடையின் அலமாரியிலுமே இருக்கிறது என்பது என் முடிவு. 1994இல் கால்வின் க்ளைன் வெளியிட்ட சிகே ஒன், இதை உலகறிய மெய்ப்பித்தது என்றும் கருதுகிறேன். ஆல்பெர்ட்டோ மொரியாஸ், ஹாரி ஃப்ரெமோன் ஆகிய இருவரும் சேர்ந்து செய்த அந்தத் திரவியம், இரு பாலாருக்கும் ஒன்றே என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கப்பட்டது. ஸ்டீவன் மைசெல் எடுத்த கறுப்பு வெள்ளை விளம்பரப் படங்களில் இளைஞர்களும் இளம்பெண்களும் ஒரே மாதிரியான எளிய உடையில் வரிசையாக நின்றார்கள். உடையிலும் இதே உண்மைதான் செல்லும் என்று நினைக்கிறேன். துணிக்கு ஏது ஆணும் பெண்ணும்? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

காஜா எழுதியது:

நண்பர் வெட்டிவேருக்கு வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி ஆடைகளுக்குப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு மாதிரி, போடும் வேலையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். வாசனையைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது, மகிழ்ச்சியுடன் கற்றுக்கொண்டேன். ஆனால் உடையையும் அதே தராசில் வைத்ததை ஏற்க என் கை ஒப்பவில்லை.

துணிக்கு ஆண் பெண் கிடையாது, உண்மைதான். அளவுக்கு உண்டு. தட்டையான துணியை மேடு பள்ளமுள்ள உடலின் மேல் படியவைக்க, ஓரிடத்தில் துணியைக் கூராக மடித்துப் பிடித்துத் தைக்கிறோம். அதற்கு டார்ட் என்று பெயர். பெண்களுக்கான சட்டையில் மார்பை நோக்கி டார்ட் வரும், அல்லது அதே வேலையைச் செய்யும் வெட்டு வரும். ஆண்களின் சட்டையில் அது இருக்காது. அதேபோல், பெண்களின் பேட்டர்னில் இடுப்புக்கும் சீட் எனப்படும் பின்புற அளவுக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக அதிகம். ஆண்களின் பேட்டர்னில் தோள் அகலம். இருபாலாருக்கும் என்று சொல்லி எங்களிடம் வரும் ஆர்டர்களில் பெரும்பாலானவை, ஆண்களின் பேட்டர்னை எடுத்துக்கொண்டு அளவை மட்டும் கீழே ஒரு படி நீட்டியவையே. ஒரு பெண் அதை அணிந்தால் தோள் தையல் கைக்கு இறங்கிவிடும், சீட் பகுதியில் துணி இறுக்கிப் பிடிக்கும். லேபிளில் என்ன எழுதினாலும் உடலுக்கு அது தெரியும்.

அதே சமயம், வெறும் வழக்கமாக மட்டுமே நிற்கும் கோடுகளும் உடையில் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்களின் சட்டையில் பட்டன் நுழையும் காஜா இடப்பக்கமும் பட்டன் வலப்பக்கமும் இருக்கும். பெண்களின் சட்டையில் இது மாறி வரும். இந்த வேறுபாட்டுக்கு உடலமைப்பில் எந்தக் காரணமும் இல்லை. நீங்கள் புட்டியைப் பற்றிச் சொன்னது இந்தப் பட்டன் வரிசைக்கு அப்படியே பொருந்தும். டார்ட்டுக்குப் பொருந்தாது.

ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் 1966இல் பெண்களுக்காக லெ ஸ்மோக்கிங் என்ற டக்ஸிடோவை, அதாவது மாலை விருந்துகளுக்கான கோட்டு உடையை, கொண்டுவந்தாரே, அதைப் பலரும் ஆண்களின் கோட்டை எடுத்துப் பெண்ணுக்கு மாட்டிவிட்டதாகவே பேசுகிறார்கள். அப்படிச் செய்திருந்தால் அது மாறுவேட உடைபோல் தொங்கியிருக்கும். அவர் ஆண்களின் உடையிலிருந்து சாட்டின் காலரையும் கால்சட்டையின் பக்கவாட்டுப் பட்டையையும் எடுத்துக்கொண்டு, வெட்டைப் பெண்ணின் உடலுக்கென்றே புதிதாக அமைத்தார். அதனால்தான் அறுபது ஆண்டுகளாகியும் அந்த உடை பழையதாகத் தோன்றவில்லை. ஆண் பெண் என்ற எல்லைக்கோட்டைக் கலைப்பதற்கு, அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று அறிந்த கை வேண்டும்.

மாலைநேரம் எழுதியது:

துபாயில் ஒரு பெரிய கடையின் வாசனைத் திரவியப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். காஜா அண்ணன் கைத்தொழிலிலிருந்து பேசினார். நான் கவுன்ட்டரிலிருந்து பேசுகிறேன்.

இங்கே வந்த புதிதில் என் எண்ணங்கள் எல்லாம் தலைகீழாயின. வளைகுடாவைச் சேர்ந்த ஆண்கள் ரோஜாவை மிகுந்த விருப்பத்துடன் பூசுவார்கள். ரோஜாவும் அகிலும் கலந்த மணம் இங்கே தந்தைக்கும் மகனுக்கும் தாய்க்கும் பொதுவானது. ஒரே தூபக்காலில் அகில் கட்டையைப் புகைத்து வீட்டார் அனைவரும் உடையில் பிடித்துக்கொள்வார்கள். அதே கடைக்கு ஐரோப்பாவிலிருந்தோ நம் ஊரிலிருந்தோ வரும் ஓர் ஆண், அதே ரோஜாவை முகர்ந்து "நன்றாக இருக்கிறது" என்பார், அடுத்த மூச்சில் "இது பெண்களுக்கானதா?" என்று கேட்பார். முகர்ந்த மூக்கு ஒன்று, கேட்ட வாய் வேறொன்று என்று எனக்குத் தோன்றும். இந்த இடைவெளியை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

நம் வீடுகளில் தாத்தாவும் அப்பாவும் முகச்சவரம் செய்தபின் பூசிய ஓல்ட் ஸ்பைஸை ஆண்மையின் வாசனையாகவே நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயரில் 1937இல் முதலில் வெளிவந்தவை பெண்களுக்கான பொருட்கள். ஆண்களுக்கானவை 1938இல்தான் வந்தன. இதை நான் சொன்னபோது என் தந்தையார் நம்ப மறுத்துவிட்டார்.

ஆனாலும் வெட்டிவேர் தம்பி சொன்ன ஒன்றை நான் மறுக்கிறேன். சிகே ஒன் எதையும் மெய்ப்பிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அதில் என்ன இருக்கிறது? பெர்கமாட்டும் எலுமிச்சையும் போன்ற புளிப்புப் பழங்களின் தோல் மணம், கிரீன் டீயின் சாயல், துவைத்த துணியை நினைவூட்டும் வெண்மையான கஸ்தூரி. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த உடலின் மணம் அது. யாரும் ஆட்சேபிக்க அதில் எதுவும் இல்லை. ஆண்மை என்று சொல்லப்படும் தோல், புகையிலை, பாசி எல்லாவற்றையும் நீக்கினார்கள். பெண்மை என்று சொல்லப்படும் கனத்த பூக்களையும் பவுடரையும் நீக்கினார்கள். எஞ்சியதைப் புட்டியில் அடைத்தார்கள். மிக அழகான திரவியம்தான், நானே பல ஆண்டுகள் பூசியிருக்கிறேன். ஆனால் அங்கே கோடு அழியவில்லை. இரு பக்கத்தாரும் கோட்டிலிருந்து விலகி, யாருக்கும் உரிமையில்லாத ஒரு வெற்றிடத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

கார்முகில் எழுதியது:

மாலைநேரம் அக்கா சொன்னது என் நெஞ்சில் தைத்தது. என் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

2005இல் வந்த டியோர் ஓம் என்ற திரவியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒலிவியே போல்ஜ் செய்தது. அதன் நடுவே இருப்பது ஐரிஸ் செடியின் கிழங்கிலிருந்து கிடைக்கும் மணம். அந்தக் கிழங்கைக் காயவைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் மணமே பிறக்கும். ஒப்பனைப் பவுடர், பழைய லிப்ஸ்டிக், ஈர மண் மூன்றும் சேர்ந்ததுபோல் இருக்கும். அதைச் சுற்றிலும் லாவண்டர், கோகோ, தோல், வெட்டிவேர். டியோரின் ஆண் உடைகளை ஹெடி ஸ்லிமேன் வடிவமைத்துவந்த காலத்தில் அது வெளிவந்தது. அவர் வெட்டிய மெலிந்த கறுப்புக் கோட்டுகளைப் பெண்களும் தேடி வாங்கினார்கள். அந்த உடைகளுக்குள் தம் உடலைப் பொருத்திக்கொள்வதற்காகவே ஆடை வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் ஏறத்தாழ 40 கிலோ எடை குறைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அந்த வாசனையைப் பூசிக்கொண்டு நான் ஒருநாள் அலுவலகம் சென்றேன். கூட்ட அறையில் பக்கத்தில் இருந்தவர் "யாருடைய பவுடரை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாய்?" என்று உரக்கக் கேட்டார், அறை முழுவதும் சிரித்தது. மூத்தவர் ஒருவர் பிறகு தனியாக அழைத்து, வேலையில் நல்ல பெயர் எடுக்கவேண்டுமானால் இவற்றையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள் என்று அறிவுரை சொன்னார். அதே அலுவலகத்தில் என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண், ஆண்களுக்கான திரவியத்தைப் பூசிக்கொண்டு ஆண்களின் சட்டை அணிந்து வருவார். அவரைத் துணிச்சல்காரி என்று பாராட்டுவார்கள். அவரைப் பாராட்டுவது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. ஆனால் கோட்டைக் கடப்பதற்கு அவரிடம் கேட்கப்படும் விலை வேறு, என்னிடம் கேட்கப்படும் விலை வேறு என்பதை மட்டும் இந்த இழையில் யாரேனும் பேசவேண்டும் என்று காத்திருந்தேன்.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது என்று எண்ணுகிறேன். பாரிஸில் பெண்கள் ஆண்களைப்போல் உடுத்த விரும்பினால் காவல் துறையிடம் அனுமதி பெறவேண்டும் என்று 1800இல் ஓர் ஆணை இருந்தது. பின்னர் குதிரையின் கடிவாளத்தையோ மிதிவண்டியின் பிடியையோ பிடித்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் கால்சட்டை அனுமதிக்கப்பட்டது. அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறைப்படி அறிவித்தது 2013இல்தான். ஆனால் ஏட்டில் இருந்த ஆணையைத் தெரு அதற்கு வெகு காலம் முன்பே கடந்துவிட்டது. ஆண்களுக்குப் பாவாடையைத் தடுத்த அத்தகைய ஆணையை யாரும் எழுதவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஏளனமே போதுமானதாக இருந்தது. கோத்தியே 1985ஆம் ஆண்டுக்கான ஆண் உடைத் தொகுப்பில் பாவாடையைக் கொண்டுவந்தார். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அது மேடையிலிருந்து தெருவுக்கு முழுமையாக இறங்கவில்லை. ஆங்கிலப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் 2020 டிசம்பர் மாத அமெரிக்க வோக் இதழின் அட்டையில், குச்சி (Gucci) என்ற இத்தாலிய ஆடை இல்லத்தின் நீண்ட கவுனை அணிந்து தோன்றியபோது எழுந்த கூச்சலை நாம் அனைவரும் கேட்டோம்.

வெட்டிவேர் எழுதியது:

கார்முகில் தம்பி, அந்த அறையில் இருந்தவர்கள் சார்பில் நான் வருந்துகிறேன். இதை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி.

என் தொடக்கக் கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிரிவு புட்டியில் மட்டுமே இருக்கிறது என்றால், புட்டியே தெரியாத ஓர் அறையில் உங்களை ஏன் நகைத்தார்கள்? அவர்கள் லேபிளைப் படிக்கவில்லை, அது ஆண்களுக்கென்றே விற்கப்பட்ட திரவியம் என்பதையும் அறியவில்லை. ஐரிஸின் மணம் அவர்களுக்குத் தாயின் பவுடர் டப்பாவை நினைவூட்டியது, அவ்வளவுதான். மணத்துக்குப் பால் இல்லாமல் இருக்கலாம். மணத்தின் நினைவுக்கு இருக்கிறது. அந்த நினைவு ஊருக்கு ஊர் மாறுவதால்தான் மாலைநேரம் அக்காவின் கவுன்ட்டரில் ரோஜா ஒருவருக்குத் தந்தையாகவும் இன்னொருவருக்கு அத்தையாகவும் இருக்கிறது.

சிகே ஒன்னைப் பற்றி அக்கா சொன்னதையும் ஏற்கிறேன். அதைக் கொண்டு பார்த்தால், நாம் ஒரே பெயரால் அழைக்கும் இரண்டு வேலைகள் வேறுபட்டவை என்று தெரிகிறது. ஒன்று, இரு பக்கத்து அடையாளங்களையும் கழுவி எடுத்துவிடுவது. மற்றொன்று, இரு பக்கத்து அடையாளங்களையும் முழு வலுவோடு ஒரே இடத்தில் வைப்பது. முதலாவதற்குச் சிகே ஒன் சான்று. இரண்டாவதற்கு மிகப் பழைய சான்றுகள் உண்டு. 1919இல் காரோன் இல்லத்துக்காக எர்னஸ்ட் டால்ட்ரோஃப் செய்த டபாக் ப்ளோன், சிகரெட் பிடிக்கத் தொடங்கியிருந்த பெண்களுக்கானது. அதில் தோலும் புகையிலைச் சாயலும் பூக்களோடு சமமாக மல்லுக்கு நிற்கும். 1944இல் ஜெர்மேன் செல்லியே, ராபர்ட் பிகே இல்லத்துக்காகச் செய்த பாண்டி இன்னும் கடுமையானது. ஆண்களே நிறைந்திருந்த தொழிலில் அவர் ஒரு பெண். ஐசோபியூட்டைல் குவினோலின் என்ற பொருளைப் பிறர் துணியாத அளவில் ஊற்றினார். கசப்பும் பசுமையும் கொண்ட அந்தத் தோல் மணத்தை இன்று முகர்ந்தாலும் நிமிர்ந்து உட்கார வைக்கும். பிறகு எதிர்த்திசையில் டியோர் ஓம். கழுவி எடுத்தவற்றை எவரும் எதிர்ப்பதில்லை. கலந்து வைத்தவற்றின் மேல்தான் கோபமும் வருகிறது, தீராத பற்றும் வருகிறது.

ஆத்திமாலை எழுதியது:

இழையை அமைதியாகப் படித்துவந்தேன். ஒரு சிறு திருத்தமும் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் திருத்தம். இரு பாலாருக்கும் பொதுவான வாசனை 1994இல் பிறந்ததுபோல் சிலர் எழுதுகிறார்கள். இத்தாலியரான ஃபரீனா குடும்பத்தார் ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709இல் தொடங்கிய நிறுவனத்தின் புளிப்புப் பழ நீரை ஆணும் பெண்ணும் பூசினார்கள். நெப்போலியன் கொலோனை அளவின்றிப் பயன்படுத்தியதும் தெரிந்ததே. லண்டனில் முடிதிருத்துநராக இருந்த வில்லியம் பென்ஹாலிகன் 1872இல் செய்த ஹம்மாம் பூக்கே, ரோஜாவை நடுவில் வைத்த ஆண்களின் திரவியம். ஆக, ஐரோப்பிய ஆண் ரோஜாவைக் கண்டு அஞ்சியது என்றென்றும் இருந்த நிலை அன்று. ஒருகாலத்தில் இல்லாதிருந்து, பிறகு வந்து சேர்ந்த அச்சம் அது.

எச்சரிக்கை நமக்கானது. பழந்தமிழ் ஆண்கள் பூச்சூடினார்கள், மார்பில் சந்தனம் பூசினார்கள், சேரனுக்குப் பனம்பூவும் சோழனுக்கு ஆத்தியும் பாண்டியனுக்கு வேம்பும் மாலையாயின. ஆகவே நம்மிடம் கோடே இருந்ததில்லை என்று யாராவது எழுதக்கூடும். அப்படி எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெட்சி சூடியவன் ஆநிரை கவரச் செல்கிறான், கரந்தை சூடியவன் மீட்கச் செல்கிறான் என்று ஒவ்வொரு பூவுக்கும் ஒரு வேலை வகுத்திருந்த சமூகம் அது. கோடுகள் மிகுதியாகவே இருந்தன. இன்றைய இடத்தில் இல்லை, அவ்வளவே. ஆணின் தலையிலிருந்து பூ இறங்கிய பிறகும் சந்தனமும் ஜவ்வாதும் அவன் உடலில் தங்கிவிட்டதைப் பார்த்தால், எந்த மணம் யாருக்கு என்பது எவ்வளவு தற்செயலாக நிலைபெறுகிறது என்பது விளங்கும்.

இந்த இழைக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் குச்சி இல்லம் இரு பாலாருக்கும் என்று அறிவித்து வெளியிட்ட மெமுவார் துன் ஓதர் என்ற திரவியத்தைச் செய்தவர், சிகே ஒன்னைச் செய்த அதே மொரியாஸ். அதன் நடுவே ரோமன் கெமோமில் என்னும் சீமைச் சாமந்தியோடு அவர் வைத்த மலர் நம் பவழமல்லி. விடியலில் தானே உதிர்ந்து, காவி நிறக் காம்போடு தரையில் விரிந்து கிடக்கும் பூ. தரையிலிருந்து பொறுக்கிப் பூசைக்கு எடுப்பதை நாம் அறிவோம். ஆணின் பூவா பெண்ணின் பூவா என்ற கேள்வியே எழாத ஒரு மலர் இருபாலாருக்கான புட்டிக்குள் போய்ச் சேர்ந்தது எனக்கு நிறைவளித்தது.

காஜா எழுதியது:

ஆத்திமாலை ஐயாவின் பதிவைப் படித்தபின் என் துறையில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொண்டேன்.

வெட்டிவேர் சொன்ன இரண்டு வேலைகளும் உடையிலும் அப்படியே நடக்கின்றன. இப்போது எங்களிடம் வரும் ஆர்டர்களில் தோள் இறங்கிய, தொளதொளப்பான டீ-சட்டைகள் மிகுதி. அவை யாருக்கும் பொருந்தும். காரணம், எந்த உடலையும் அவை தொடுவதே இல்லை. தோள் தையல் எங்கே விழவேண்டும் என்ற சிக்கலை, எல்லோருக்குமே கீழே விழும்படி செய்து கடந்துவிடுகிறோம். அது நம் சிகே ஒன். வசதியான உடை, குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பேட்டர்ன்காரனுக்கு அதில் கற்க எதுவும் இல்லை.

இதற்கு மாறாக, 2015 ஜனவரியில் அலெஸ்ஸாண்ட்ரோ மிக்கேலே குச்சியின் ஆண் உடை மேடையில், கழுத்தில் பெரிய முடிச்சிட்ட பட்டு மேற்சட்டைகளை இளைஞர்களுக்கு அணிவித்தார். அதுவரை அத்தகைய சட்டை ஒரு தலைமுறைப் பெண்களின் அலுவலக உடையாகவே அறியப்பட்டிருந்தது. படைப்பு இயக்குநராக அவர் முறைப்படி பொறுப்பேற்பதற்கும் முன்பே, சில நாள் அவகாசத்தில் அந்தத் தொகுப்பு உருவானது. அங்கே எந்த அடையாளமும் கழுவப்படவில்லை. முடிச்சு முடிச்சாகவே, பட்டு பட்டாகவே, அணிந்தவன் ஆணாகவே இருந்தான்.

இன்னொன்று. வெட்டே இல்லாத உடையில் என் அளவுக் கணக்கு செல்லாது என்பதை இத்தனை ஆண்டுகளில் இப்போதுதான் எண்ணிப்பார்க்கிறேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2003இல் ஆண்களின் பாவாடை வகை உடைகளுக்கென்று ஒரு கண்காட்சி நடத்தியது. அதைப் பற்றிப் படித்தபோது, நான் மாலையில் வீட்டுக்குச் சென்றதும் கட்டிக்கொள்ளும் லுங்கி நினைவுக்கு வந்தது. ஒரு நீளத் துணிக்கு டார்ட் இல்லை, காஜா இல்லை, தோள் இல்லை. எப்படிக் கட்டுகிறோம், எங்கே மடித்துச் செருகுகிறோம் என்பதில்தான் ஆணும் பெண்ணும் வருகிறார்கள். வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த உடை அதுதான்; இரண்டையும் வெட்டித் தைப்பதில்லை, உடலில் சார்த்திக்கொள்கிறோம்.

மாலைநேரம் எழுதியது:

காஜா அண்ணனின் கடைசி வரியைக் கவுன்ட்டரில் எழுதி ஒட்டலாம் போல் இருக்கிறது.

நண்பர்கள் சிலர் தனிச்செய்தியில் நடைமுறைக் கேள்விகள் கேட்டார்கள். எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே சொல்கிறேன். ஆண்களின் திரவியம் விரைவில் மறைந்துவிடுகிறது, பெண்களுடையது நிலைக்கிறது என்ற எண்ணத்துக்கு முக்கியக் காரணம், ஒரே இல்லத்தில்கூட ஆண்களுக்கானது செறிவு குறைந்த ஓ தெ துவாலெத்தாகவும் பெண்களுக்கானது செறிவு கூடிய ஓ தெ பர்ஃபமாகவும் நெடுங்காலம் வந்துகொண்டிருந்ததுதான். தோலைப் பொறுத்தும் மாறும். வறண்ட தோலில் சீக்கிரம் மறையும், ஈரப்பதம் தரும் வாசனையற்ற களிம்பைத் தடவிவிட்டுப் பூசினால் நிற்கும். வாங்கும் முன் காகிதப் பட்டையில் மட்டும் முகர்ந்து முடிவு செய்யாமல், மணிக்கட்டில் தெளித்து இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

கார்முகில் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்களுடைய டியோர் ஓமை வீட்டில் வைத்துவிடாதீர்கள். ஆனால் மூடிய கூட்ட அறைக்கு எந்தத் திரவியத்தையும் ஒரு தெளிப்புக்கு மேல் போடவேண்டாம். சட்டைக்குள், நெஞ்சில் போடுங்கள். உங்களுக்காக நீங்கள் பூசியது முதலில் உங்களுக்குக் கேட்கட்டும்.

வெட்டிவேர் தம்பி, உங்களிடம் ஜிக்கியும் லெ மாலும் இரண்டும் இருக்கின்றன அல்லவா? பெயர் எழுதாமல் பட்டைகளில் எண் மட்டும் போட்டு, வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். எது யாருக்கு என்று கேட்காதீர்கள். எதை நினைவூட்டுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

வெட்டிவேர் எழுதியது:

அக்கா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். ஒன்றாம் எண் ஜிக்கி, இரண்டாம் எண் லெ மால். தெளித்து அரை மணி நேரம் ஆறவிட்டுக் கொடுத்தேன்.

அப்பா ஜிக்கியை முகர்ந்ததும், சிறுவயதில் தம் தந்தையோடு போன முடிதிருத்தும் கடையைச் சொன்னார். நாற்காலி, பவுடர், அந்தக் கடைக்காரரின் கை எல்லாம் நினைவுக்கு வருகிறது என்றார். லெ மாலை முகர்ந்துவிட்டு, ஏதோ திருமண வீட்டில் இனிப்பு செய்கிறார்கள், பக்கத்தில் பூக்கூடையும் இருக்கிறது என்றார். அம்மாவுக்கு ஜிக்கி பிடிக்கவில்லை. அதில் ஒரு விலங்கின் நெடி இருக்கிறது என்று உடனே சொல்லிவிட்டார். புனுகின் சாயலைத்தான் கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். லெ மாலைக் கையிலேயே வைத்துக்கொண்டு இது யாருடையது என்று கேட்டார். சிரித்துக்கொண்டே புட்டியை எடுத்து வந்து காட்டினேன். கோடு போட்ட பனியன் அணிந்த அந்த உடலைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு புட்டியைத் தம் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இதுவரை எனக்குத் திரும்பி வரவில்லை. ஜிக்கி இப்போது அப்பாவின் சவரப் பெட்டியில் இருக்கிறது.